பக்கத்துக் கட்டில் பாவாவுக்கு

ஆண்கள் எலும்பு முறிவு வார்டு,
ஜன்னலோரக் கட்டில்.

என் அக்காள் கணவரும், நம் இரண்டு குடும்பத்துக்கும் பெரியவருமான தீனதயாளன் பாவா அவர்களுக்கு, மைத்துனன் துளசிங்கம் படுத்தபடியே வணங்கி எழுதுவது. இங்கு என் இடது தொடை சுமார். அங்கு, அதாவது பக்கத்துக் கட்டிலில், உங்கள் வலது தொடையின் நலமறிய ஆவல். இனி உங்களோடு பேசுவதில்லை என்று தணிகை முருகன் மேல் சத்தியம் செய்துவிட்டதால், இதை நர்ஸ் ஷோபனாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கனகம்மாசத்திரம் வளைவில் நான் வண்டியோடு சறுக்கி விழுந்தபோது ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. "தொடையில கத்தி வெக்கறதா? வாணவே வாணாம் மச்சான். ஆந்திராவுல பச்சிலைக் கட்டு கட்டிக்கினா ஓடிகினு வருவே" என்று அதைத் திருப்பி அனுப்பி, என்னை ஆட்டோவில் ஏற்றினீர்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் ஒரு தெய்வத்தைக் கூப்பிட்டேன். நீங்கள் டீ குடிக்க நிறுத்தினீர்கள். கட்டு வைத்தியரோ தொடக்கூட இல்லை. "இது தொடை நைனா, உள்ள நொறுங்கிப் போய்க்கீது. ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். நல்ல மனிதர். திரும்பும்போது டிரைவரை நீங்கள் விரட்டிய விரட்டில் ஆட்டோ கவிழ்ந்து உங்கள் தொடையும் போனது. அதற்கப்புறம் பச்சிலைப் பேச்சையே காணோம். "டாக்டரு, எனக்கு மொதல்ல ஆப்ரேசன் பண்ணுங்க" என்று ஸ்ட்ரெச்சரில் ஏறுவதற்கு முன்பே கத்தியது யார்? உங்களுக்கு ஒரே முறிவு. எலும்புக்குள் கம்பி விட்டு ஸ்க்ரூ போட்டு முடித்துவிட்டார்கள். எனக்கோ துண்டு துண்டு. காலில் எடையைத் தொங்கவிட்டுக் காக்க வைத்து, கம்பியோடு பிளேட்டும் வைத்தார்கள். அப்படியும், பார்க்க வருகிறவர்கள் உங்கள் எக்ஸ்ரேயைத்தான் முதலில் தூக்கிப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள். இதில் என் மனைவி ஜெயம்மாள், நாம் இருவரும் ஆடிக் கிருத்திகைக்குப் படியேறிக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். அவள் காலா போகப்போகிறது!

ஆகவே நம் உறவு இத்துடன் முடிந்தது. அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்களுக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
துளசிங்கம்.

பின்குறிப்பு: நாளைக் காலையில் நம் இருவரையும் வாக்கரைப் பிடித்து நிற்கச் சொல்லப்போகிறார்களாம். பாவா, எனக்குப் பயமாக இருக்கிறது. கால் தாங்குமா என்று தெரியவில்லை. சத்தியத்தைப் பற்றி நான் முருகனிடம் பேசிக்கொள்கிறேன். கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிப் படுங்கள். ஆப்ரேஷனுக்கு முந்திக்கொண்ட மாதிரி நாளைக்கும் நீங்களே முதலில் நில்லுங்கள். நீங்கள் நிற்பதைப் பார்த்தால் நானும் நின்றுவிடுவேன்.