ரொஷெல் சொன்ன சிவப்பு

"சிவப்பா? அவ சிவப்புன்னா சொன்னா?"

மிஸ் ஆர்லீதா பார்லரின் முடி உலர்த்தும் ட்ரையருக்குள்ளிருந்து தலையை உருவிக்கொண்டு கேட்டார். தலை முழுக்க ரோலர் சுற்றியிருந்தது. முகம் முழுக்கப் பரபரப்பு.

வெர்னெட்டா உதட்டில் விரலை வைத்தாள். "மெதுவா, மிஸ் ஆர்லீதா. தூங்குறா. ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி டியூட்டி."

"தூங்கட்டும். சொன்னாளா இல்லையா?"

"சொன்னா. முடிக்குச் சொன்னா."

"முடிக்கு!" என்று ஆர்லீதா அதை ஒரு மாதிரி இழுத்துச் சொல்லிவிட்டு, கைப்பைக்குள் செல்போனைத் தேட ஆரம்பித்தார்.

நடந்தது இவ்வளவுதான். ரொஷெல் காலையில் நர்ஸ் உடையோடு நேராகப் பார்லருக்கு வந்தாள். நாற்காலியில் சாய்ந்தாள். கண் தானாக மூடியது. ஒரு வருஷமாக அவளைக் கலர் அடித்துக்கொள்ளச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்த வெர்னெட்டா, வழக்கம்போல, "என்னம்மா, இப்பவாவது ஒரு முடிவுக்கு வந்தியா?" என்று கேட்டாள். ரொஷெல் கண்ணைத் திறக்காமலே, "வந்தாச்சு. ரொம்ப யோசிச்சுட்டோம். சிவப்புதான்" என்றாள். அடுத்த நிமிஷம் குறட்டை.

வேறு யாராவது சொல்லியிருந்தால் அது வெறும் சிவப்பு. சொன்னது டெரியனின் அம்மா.

டெரியன் பள்ளிக்கூடக் கடைசி வருஷம். அமெரிக்க ஃபுட்பாலில் அவனைப் போலப் பந்து எறியும் குவாட்டர்பேக் அலபாமாவிலேயே இந்த வருஷம் கிடையாது என்று பேச்சு. சிவப்புச் சட்டை போடும் கால்டர் ஸ்டேட்டும், நீலச் சட்டை போடும் வின்ஃபோர்டும் அவனைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தன. எந்தக் கல்லூரிக்கு ஆடுவான் என்று அவன் கையெழுத்துப் போடும் நாள் வருகிற புதன்கிழமை. பையன் வாயைத் திறக்கவில்லை. அவனுடைய செல்போனைக்கூட ரொஷெல் வாங்கி வைத்துக்கொண்டாள். ஊரில் மளிகைக் கடையில் நின்றால் கடைக்காரர் கேட்கிறார், ஆராதனைக்குப் போனால் பாஸ்டர் கேட்கிறார். கேட்காத ஒரே இடம் வெர்னெட்டாவின் பார்லர்தான்.

இத்தனைக்கும் வெர்னெட்டா சிவப்புக் கட்சியில் ஊறியவள். அவள் கார் சிவப்பு, வீட்டுக் கதவு சிவப்பு, குளியலறை மிதியடி சிவப்பு. கால்டர் ஸ்டேட் தோற்ற சனிக்கிழமைகளில் அவள் புருஷன் தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொள்வான். ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்தவள் சொன்ன பேச்சு நாற்காலியைத் தாண்டக் கூடாது என்பது அவள் தொழில் தர்மம். நாக்கைக் கடித்துக்கொண்டு ரொஷெலிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆகவே வெர்னெட்டா ரொஷெலின் முடியை வெளுத்து, ஒயின் சிவப்பில் கலர் அடித்து, அலசி, உலர்த்தி, அப்புறம்தான் அவளை எழுப்பினாள். நாலு வருஷத்தில் இவ்வளவு நன்றாக வெர்னெட்டாவின் கைக்கு ஒரு கலர் அமைந்ததில்லை.

ரொஷெல் கண்ணாடியைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"வெர்னெட்டா, நீ இருக்கியே..." என்று எழுந்து கட்டிக்கொண்டாள். "யார்கிட்டேயும் மூச்சு விடாதே. நமக்குள்ளேயே இருக்கட்டும்."

தீ மாதிரி எரிகிற தலையை எப்படி நமக்குள்ளேயே வைத்துக்கொள்வது என்று வெர்னெட்டாவுக்குப் புரியவில்லை. ஆனால் கலர் அடித்துக்கொண்டு பிறவியிலேயே இப்படித்தான் என்று சாதிப்பவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். "என் வாயிலேர்ந்து வராது" என்றாள்.

வர வேண்டிய அவசியமும் இல்லை. மத்தியானத்துக்குள் பக்கத்துச் சலூன் ஒடெல், கையில் சீப்போடு உள்ளே வந்தார். ஒடெல் நீலக் கட்சி. பின்னாலேயே பாதி ஷேவ் செய்த முகத்தோடு அவருடைய வாடிக்கையாளர் ஒருவரும் வந்தார்.

"உன் சிவப்புக்கு அடிச்சது யோகம்னு ஊரே பேசுது. நிஜமா?"

"முடிக்கலர் ஒடெல். வெறும் முடிக்கலர்."

"எனக்கு அந்தப் பையன் போனாக்கூடப் பரவாயில்லை. க்வின்டன் போயிடுவானே, அதைச் சொல்லு!"

க்வின்டன் மிஸ் ஆர்லீதாவின் தம்பி பேரன். பக்கத்து ஜில்லாவில் ரிசீவர். எறிந்த பந்தை ஓடிப் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. வின்ஃபோர்டுக்கு வருவதாக வாக்குக் கொடுத்து மாசக்கணக்காகிறது. ஆனால் டெரியன் எறிந்து தான் பிடிக்க வேண்டும் என்பது அவன் கனவு.

"எறியறவன் சரியில்லாம பிடிக்கிறவன் என்னத்தைப் பிடிப்பான்? ஜலதோஷமா?" என்றார் ஒடெல்.

பாதி ஷேவ்காரர் ஒப்பவில்லை. "குவாட்டர்பேக் ஆயிரம் வருவான். ரிசீவர்தான் கிடைக்கமாட்டான். போன சீசன்லே வின்ஃபோர்டுலே ஒருத்தன் ஆடினானே, அவன் கையிலே பந்து பட்டா சுடுகல்லுலே தண்ணி தெளிச்ச மாதிரி துள்ளிப் போச்சு!"

"அது எறிஞ்சவன் தப்பு."

"பிடிக்காதவன் தப்பு!"

"உன் முகத்துலே பாதிதான் ஆகியிருக்கு. மீதி என் கையிலே இருக்கு. யோசிச்சுப் பேசு" என்றார் ஒடெல்.

சண்டை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. வதந்தியும் கூடவே போனது.

மறுநாள் பார்லருக்கு வந்தவர்கள் எல்லாரும் சிவப்பில் வந்தார்கள். ஒருத்தி பீச் பழக் கேக் கொண்டுவந்து கொடுத்து, "ஒண்ணும் சொல்ல வேண்டாம், கண்ணை மட்டும் சிமிட்டு" என்றாள். வெர்னெட்டா கண்ணைச் சிமிட்டாமல் விறைத்துப் பார்த்தாள். "ஆஹா, எவ்வளவு அழுத்தம்!" என்று அவள் சந்தோஷமாகப் போய்விட்டாள். நீலக் கட்சிப் பெண்கள் வரிசையாகப் போன் செய்து, வர முடியாது என்றார்கள். ஒருத்தி மட்டும் வந்தாள், பாதி முடி வெட்டியதும், "அவனை உங்க பக்கம் இழுத்தது நீதானே?" என்று கேட்டு, மீதியை வெட்டிக்கொள்ளாமலே எழுந்து போனாள்.

வெர்னெட்டா ஓர் அட்டையை எடுத்து, 'இந்தக் கடையில் சிவப்பு என்றால் முடிக்கலர் மட்டுமே' என்று எழுதிக் கதவில் மாட்டினாள். சாயங்காலத்துக்குள் அந்த அட்டையின் படம் மாநிலம் முழுக்கச் சுற்றிவிட்டது. ஃபுட்பால் பேச்சுக்கென்றே இருக்கும் ஒரு ரேடியோக்காரர் அதை வாசித்துவிட்டு, "ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் எதற்கு ஐயா போர்டு மாட்டுகிறார்?" என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. வெர்னெட்டா போய் அட்டையைக் கழற்றினாள். அட்டையைக் கழற்றிவிட்டார்கள் என்று அதே ரேடியோவில் அடுத்த செய்தி வந்தது.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் கடையில் தூங்கிய ஒரு பெண்ணின் பேச்சு இப்படி ஊர்ப் பேச்சாகிவிட்டதே என்று ரொஷெலுக்குப் போன் செய்தாள்.

"என்னை மன்னிச்சுடு ரொஷெல். மிஸ் ஆர்லீதா காதுலே விழுந்துடுச்சு."

"தெரியும். வார்டுலே மயக்கம் தெளிஞ்சவன்கூட முதல்லே என் தலையைத்தான் பார்க்கிறான். கேக்கறவங்களுக்கு நீ என்ன சொல்றே?"

"வேற என்ன சொல்றது? முடிக்கலர்னு சொல்றேன்."

ரொஷெல் சிரித்தாள். சாதாரணச் சிரிப்பில்லை, மூச்சு வாங்கி, இருமி, மறுபடி சிரித்தாள். "அப்படியே சொல்லிக்கிட்டு இரு. அதைவிட நல்ல பதில் கிடையாது."

"வேணும்னா வா, பழையபடி கருப்பாக்கிடறேன். பேச்சு அடங்கிடும்."

"அதுவும் நல்ல யோசனைதான்" என்றாள் ரொஷெல்.

வந்தாள். வெர்னெட்டா நல்ல கருப்பாகப் பார்த்து அடித்தாள். பார்லர் விளக்கில் அட்டைக் கருப்பு. ரொஷெல் வெளியே போய் வெயிலில் நின்று கார்க் கதவைத் திறந்தபோது, வெளுத்த முடியில் ஏறிய அந்தக் கருப்பு, காக்கைச் சிறகு மாதிரி நீலமாக மின்னியது.

சலூன் வாசலில் நின்ற ஒடெல் கையிலிருந்த துண்டைத் தூக்கி ஆகாசத்தில் எறிந்தார். "நீலம்! அம்மாடி, நீலம்!"

ஒரு மணி நேரத்தில் நீலக் கட்சிப் பெண்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். பாதி முடியோடு போனவளும் வந்தாள். சிவப்புக் கட்சிக்காரிகள் இப்போது வெர்னெட்டாவைப் பார்த்த பார்வையில் கொலைவெறி இருந்தது. கேக் கொடுத்தவள் பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டாள். வீட்டில் புருஷனே, "நம்ம கையாலேயே நீலம் அடிச்சியா?" என்று கேட்டுவிட்டு வெளித் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

செவ்வாய்க்கிழமை மிஸ் ஆர்லீதா வந்தார். முடிக்காக வரவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"வெர்னெட்டா, இது விளையாட்டு இல்லை. எங்க க்வின்டன் நாளைக்குக் காலையிலே கையெழுத்துப் போடணும். டெரியன் போடறது சாயங்காலம். டெரியன் சிவப்புன்னு கேட்டதும் இவன் வின்ஃபோர்டு வேண்டாம்னான். நீலம்னு கேட்டதும் வேணும்னான். ரெண்டு நாளா எலும்பும் தோலுமா நிக்கிறான். போட்டபிறகு மாத்த முடியாது. அன்னிக்கு ரொஷெல் சொன்னது காலேஜா, முடியா?"

"முடிதான், மிஸ் ஆர்லீதா."

"எல்லாருக்கும் சொல்றதை எனக்குச் சொல்லாதே."

டெரியன் சிவப்புக்கு வர வேண்டும், க்வின்டன் பின்னாலேயே வர வேண்டும் என்று வெர்னெட்டாவைவிட ஆசைப்பட்டவர் ஊரில் யார்? ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் தங்கமான ரிசீவர் கால்டர் ஸ்டேட்டுக்கு வந்துவிடுவான். சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் ஒரு பையனின் வாழ்க்கையைத் தன் ஆசைக்காகப் பொய் சொல்லித் திருப்புவது பாவம் இல்லையா?

மேஜை டிராயரிலிருந்து பைபிளை எடுத்தாள். அதன்மேல் கையை வைத்தாள்.

"எங்கம்மா ஆத்மா மேலே சத்தியம். ரொஷெல் சொன்னது முடியைப் பத்தி. காலேஜைப் பத்தி ஒரு எழுத்துக்கூடப் பேசலை."

ஆர்லீதா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "உன்னை நம்பறேன். நீ உன் கட்சிக்குச் சாதகமாப் பேசலை பாரு, அதனாலேயே நம்பறேன்."

பைபிள் சத்தியம் அன்று ராத்திரிக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. புதன்கிழமை காலையில் க்வின்டன் வின்ஃபோர்டுக்குக் கையெழுத்துப் போட்டான். படத்தில் நீலத் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்தான். வெர்னெட்டா அதைப் பார்த்துவிட்டு ஒரு வாடிக்கைக்காரியின் முன்முடியைக் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டிவிட்டாள். நேர்மைக்குக் கிடைத்த கூலி என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் பள்ளிக்கூட ஜிம் நிரம்பி வழிந்தது. ஒடெல் முன்வரிசையில் நீலச் சட்டையில் இருந்தார். பக்கத்தில் மிஸ் ஆர்லீதா. மேஜையில் இரண்டு தொப்பிகள். டெரியன் மைக்கில் கடவுளுக்கு நன்றி சொன்னான், கோச்சுக்கு நன்றி சொன்னான், நீலத் தொப்பி பக்கம் கையைக் கொண்டுபோய், அதைத் தாண்டிச் சிவப்பை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

ஜிம்மின் பாதி கூரையைத் தொட்டது. மீதிப் பாதி பெஞ்சில் சரிந்தது. வெர்னெட்டா இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள். கத்திய வாய் மூடுவதற்குள் க்வின்டன் ஞாபகம் வந்தது. கைகள் தாமாக இறங்கின. கூட்டத்துக்கு நடுவே மிஸ் ஆர்லீதா மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார்.

'முடிக்குச் சொன்னது முடிக்குத்தானே? பையன் பிறகு முடிவு பண்ணியிருப்பான். எனக்கு எப்படித் தெரியும்?' என்று ஆர்லீதாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலை அவள் மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோது, நெடுநெடுவென்று டெரியன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடமே வந்தான். மிஸ் ஆர்லீதாவும் அந்த நேரம் பார்த்து எதிரே வந்து நின்றார்.

டெரியன் குனிந்து வெர்னெட்டாவைக் கட்டிக்கொண்டான்.

"ரொம்பத் தேங்க்ஸ், மிஸ் வெர்னெட்டா. 'நுனி வெட்டிக்க வந்த இடத்துலே தூக்கக் கலக்கத்துலே நீ கால்டர் போறதை நான் உளறிட்டேன்டா, ஆனா அவ அதை மறைக்க என் தலைக்கே கலர் அடிச்சு, பைபிள் மேலே பொய்ச் சத்தியம்கூடப் பண்ணியிருக்கா'ன்னு அம்மா உங்களைச் சொல்லிச் சொல்லி அழறாங்க."