மலைப்பள்ளியில் ஓர் இடம்

ஒரு காட்டில் இரண்டு பள்ளிகள் இருந்தன. இரண்டுக்கும் படியளந்தது சிங்கராஜாதான். ஓடைக்கரைப் பள்ளி வட்டாரக் குழுவின் கையில் இருந்தது. என்ன பாடம், என்றைக்கு லீவு என்பதெல்லாம் குழு சொன்னபடி. அக்கம்பக்கத்துக் குட்டி எது வந்தாலும் தலைமையாசிரியை எருமை டீச்சர் சேர்த்துக்கொள்ள வேண்டும். மலைப்பள்ளியோ தன்னாட்சிப் பள்ளி. ராஜாவின் பணம் நேராக அங்கே போகும். பாடம், விதி, சேர்க்கை எல்லாம் முதல்வர் கீரியார் வைத்ததுதான்.

முள்ளம்பன்றி வடிவாம்பாளுக்கு மகள் கூர்மதியை மலைப்பள்ளியில் சேர்க்க ஆசை. வரிசையில் அரைநாள் நின்று பதினாறு பக்க விண்ணப்பத்தை நிரப்பினாள். கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வும் கிடையாது என்று கீரியார் பணிவாகச் சொன்னார். சீருடை மட்டும் கட்டாயம்: உடம்போடு ஒட்டிய பட்டுச் சட்டை. கூர்மதிக்குப் போட்டுப் பார்த்த மூன்று சட்டைகளும் கிழிந்தன.

“நாங்க யாரையும் வேண்டாம்னு சொல்றதில்லைம்மா,” என்றார் கீரியார். “சட்டைதான் சொல்லுது.”

வடிவாம்பாள் அழுதுகொண்டே மலையிறங்கினாள். எருமை டீச்சர் ஒன்றும் கேட்காமல் கூர்மதியின் பெயரை எழுதிக்கொண்டார். சட்டைக்குள் நுழைய முடியாத ஆமை, பெருச்சாளி எல்லாம் ஏற்கெனவே அங்கேதான் இருந்தன. ஆறே மாதத்தில் கூர்மதி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

ஆண்டு முடிவில் தேர்ச்சி விகிதம் வந்தது. மலைப்பள்ளி நூற்றுக்கு நூறு, ஓடைக்கரை நாற்பத்தொன்று. வெகுண்ட ராஜா, ஓடைக்கரைப் பள்ளிக்கும் தன்னாட்சி வழங்கி அதைக் கீரியாரிடம் ஒப்படைத்தார். எருமை டீச்சருக்குச் சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாளே வாசலில் சட்டைக்கு அளவெடுக்க ஆள் நின்றது. கூர்மதி வெளியே நின்றாள்.

வடிவாம்பாள் வட்டாரக் குழுவிடம் ஓடினாள். பள்ளி இப்போது தங்கள் பொறுப்பில் இல்லை என்று கைவிரித்தார்கள். அரண்மனைக்குப் போனாள்.

“தன்னாட்சிப் பள்ளி விஷயத்தில் நான் தலையிடுவதில்லை அம்மா,” என்றார் ராஜா.

“பணம் நீங்கதானே ராஜா குடுக்குறீங்க?”

“அதோடு நிறுத்திக்கொள்வேன்.”

அடுத்த ஆண்டு இரண்டு பள்ளிகளும் நூற்றுக்கு நூறு. ராஜா விழா எடுத்தார். தெருவில் கட்டியிருந்த பேனரை, ‘அனைவருக்கும் கல்வி’ என்று கூர்மதி படித்துக் காட்டினாள்.

“அனைவரும்னா யாரும்மா?” என்று கேட்டாள்.

வடிவாம்பாள் அவளை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

நீதி: பள்ளியின் தேர்ச்சி விகிதம் உயர வேண்டும் என்று உண்மையிலேயே விரும்பும் பெற்றோர், பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும்.