பலாமர அலமாரியில் நீ ஒட்டிவைத்துப் போனவை

வெள்ளறடை
மார்ச் 1995

அன்பு மகன் சிபிக்கு,

அப்பா ராஜையா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் ஆடும் கோழியும் சுகம். ஷார்ஜாவில் நீ சுகமாயிருக்கக் குடும்ப ஜெபத்தில் தவறாமல் வேண்டிக்கொள்கிறோம். முதலில் நல்ல செய்தி. உனக்கு நான் பார்த்த காரக்கோணத்துப் பெண் ஜீனாவின் வீட்டார் சனிக்கிழமை நம் வீடு காண வந்து போனார்கள். எல்லாம் பிடித்துவிட்டது, கல்யாணம் உறுதி. இனி அதற்குள் நான் பட்ட பாட்டைக் கேள்.

நீ பிளேன் ஏறுமுன் உன் அறை அலமாரிக் கதவில் ஸ்டிக்கர்களாக ஒட்டிவைத்துப் போனாயே, பைக்கும் மண்டையோடும் நனைந்த உடுப்பில் நிற்கிற நடிகைகளுமாக, அதையெல்லாம் இத்தனை காலம் நான் கண்டும் காணாமல் இருந்தேன். ஆனால் பெண்ணின் அப்பா நேசையன் சபைக் கமிட்டியில் இருக்கிற ஆள். எத்தனையோ தரகர்மாரைப் பிடித்து, வீடு வீடாக ஏறி இறங்கி நான் ஒருத்தனாகத் தேடிக் கண்டுபிடித்த சம்பந்தம் ஒரு நடிகையால் முறிந்துபோனால், நான் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன்?

தபால் ஆபீசில் வேலை பார்த்தவன் நான். ஒட்டினது எதுவும் நனைத்தால் வந்துவிடும் என்பது என் நம்பிக்கை. ஈரத்துணி போட்டு வைத்தேன், நடிகை வந்தாள், பசை வரவில்லை. கத்தியால் சுரண்டினேன், பசை நின்றது, பாலிஷ் வந்தது. "மண்ணெண்ணெய் போட்டா பேயும் எளகும் அண்ணே" என்று அடுத்த வீட்டுக் கனகதாஸ் சொன்னதைக் கேட்டு ரேஷன் மண்ணெண்ணெயைப் போட்டுத் தேய்த்தேன். பசை இளகியது உண்மை. இளகிக் கதவு முழுக்கப் பரவியது. அந்த நேரம் பார்த்து அடைக்கோழி உள்ளே புகுந்து, அதை விரட்டப் போய் நான் வழுக்கிக் கதவில் சாய்ந்து, சட்டை முதுகோடு அதில் ஒட்டிக்கொண்டது. உன் அம்மா வந்து சட்டைக்குள்ளிருந்து என்னை உருவி எடுத்தாள். கதவில் கோழித் தூவலும் சட்டை நூலும். ஒரே மகனின் கல்யாணத்தை என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்று நினைத்து, மறைக்காமல் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

உன் அம்மா அப்போதுதான் தோட்டத்திலிருந்து ஒட்டுப்பால் உரித்துக்கொண்டு வந்திருந்தாள். ரப்பர் மரத்தின் வெட்டில் காய்ந்து கிடக்கிற அந்தப் பாலை உருண்டையாகச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். "கரஞ்சது போதும், ஒண்ணு மாறி நில்லுங்க. படிக்கிற காலத்துல நோட்டுல பென்சில் கோட்டை இதை வச்சுத்தானே அழிப்போம்" என்று சொல்லி, உருண்டையைக் கதவில் வைத்து ஓர் உருட்டு உருட்டினாள். பசை, தூவல், நூல் எல்லாம் திரண்டு கூடவே வந்துவிட்டது. சாயங்காலம் வரை இரண்டு பேரும் உருட்டினோம். வெளுத்த இடங்களில் தேங்காயெண்ணெய் பூசியதும் கதவு ஒரே நிறமாயிற்று. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் அறை முழுக்க ஒட்டுப்பால் நாற்றம். மறுநாள் உள்ளே வந்த நேசையன் மூக்கைத் தூக்கினார். நான் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தேன். "ஒட்டுப்பால் மணம் நல்லா வருதே. தோட்டத்துல பால் கூடுதல் உண்டோ?" என்றார். "உண்டு, உண்டு" என்றேன். ரப்பர் இப்போது விற்கிற விலையில் அவருக்கு அது சந்தனமாக மணத்திருக்கிறது. அலமாரியைத் தடவிப் பார்த்து, "நல்ல பலாவாக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

மனசு நிறைந்திருக்கிறது மக்கா. வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருப்பாராக. இனி எதையும் எதிலும் ஒட்டாதே.

உன் அப்பா,
ராஜையா

பின்குறிப்பு: கவரில் போடுமுன் இதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'நான் ஒருத்தனாகத் தேடிக் கண்டுபிடித்த சம்பந்தம்' என்ற இடத்தில் சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. பிறகுதான் சொன்னாள். பெண்ணின் அத்தை செல்லபாய் அன்றைக்கு அலமாரியைத் திறந்து பார்த்தாளாம். கதவின் உட்பக்கம் இன்னொரு ஸ்டிக்கர், இதயப் படம், அதில் உன் கையெழுத்தில் ஜீனா என்று எழுதியிருக்கிறதாம். அவள் கதவைச் சாத்திவிட்டு, "பிள்ளியளுக்க காரியம் எங்களுக்கு எப்பவே தெரியுமாக்கும்" என்றாளாம். உன் அம்மாவுக்கும் தெரியுமாம், கனகதாசுக்குக்கூடத் தெரியுமாம். எந்தத் தரகரைப் பிடித்தாலும் கடைசியில் அதே வீட்டு வாசலில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினது ஏன் என்று இப்போதல்லவா விளங்குகிறது. எலே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வேண்டாமென்றா சொல்லியிருப்பேன்? கோபத்தோடு ஒட்டுப்பால் உருண்டையை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். தேய்க்க மனம் வரவில்லை.