கலீல் பாய்க்கு ஊசி வேண்டாம்

"ஊசியா? நோன்பு வெச்சுகினு கீறேன் டாக்டரம்மா! முறிஞ்சுடும்!"

கலீல் ரகுமான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பூந்தமல்லியில் கேட் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். கையில் தீப்பொறி விழுந்தால் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். ஊசியைக் கண்டால் மட்டும் உயிரே போய்விடும். ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் விரிசல். தினம் ஓர் ஊசி என்றதும் மனிதர் பிடித்துக்கொண்ட சாக்குதான் இது. நோன்பு என்னவோ நிஜம். ரமலான் பிறந்த இருபத்திரண்டு நாளும் ஒன்று விடாமல் வைத்தவர்.

டாக்டர் தேவிப்பிரியாவுக்கு இளகிய மனசு. "இதே மருந்து மூக்குல அடிக்கிற ஸ்ப்ரேயாவும் வருது பாய்" என்று பாடியில் இருக்கும் மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பினார். அங்கே இருந்த ஒரே பாட்டில் ஐஸ் பெட்டியில் ஏறி காட்டுப்பாக்கம் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தது.

"மூக்குலன்னா இன்னா வேணா அடிம்மா!" கலீலுக்கு வாயெல்லாம் பல்.

நர்ஸ் ராணி அடித்தாள்.

"ஹச்ச்!"

மருந்து மொத்தமும் டாக்டரின் மேஜைமேல் கிடந்தது.

"மூச்சை அடக்கிக்குங்க பாய்."

அடக்கினார். அடக்கிய தும்மல் இரண்டு மடங்காக வந்து ராணியின் கண்ணாடியை நனைத்தது.

"மூக்கைப் புடிச்சுக்கவா?"

"புடிச்சா எங்கங்க அடிக்கிறது?"

தலையை அண்ணாந்து வைக்கச் சொன்னார் டாக்டர். இந்தத் தடவை தும்மல் வரவில்லை. தொண்டையில் ஏதோ கசந்தது. கலீல் கண்ணை மூடிக்கொண்டு மடக்கென்று விழுங்கினார்.

"முழுங்கிட்டேம்மா! ஒரு சொட்டுகூட வெளிய போவல!"

"ஐயோ, வயித்துக்குப் போனா செரிச்சுப் போயிடும் பாய்! மூக்குலயே நின்னாத்தான் வேலை செய்யும்."

அப்போதுதான் மிச்சத் தும்மல் வந்தது. அவர் கை வீசிய வேகத்தில் ராணியின் கையிலிருந்த பாட்டில் பறந்து தரையில் விழுந்து சுக்குநூறாகியது.

டாக்டர் தலையில் கை வைத்தார். "இனி ஊசி ஒண்ணுதான் வழி. ஆனா நோன்பை விடச் சொல்ல எனக்கு மனசு வரல பாய்."

கலீலுக்கு உள்ளுக்குள் அப்படியொரு நிம்மதி. முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டார். "வலி கெடக்குதும்மா. நோன்புதான் பெருசு."

உள்ளறைக் கதவு திறந்தது. உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பள்ளிவாசல் ஹஜ்ரத், புஜத்தில் பஞ்சை அழுத்தியபடி வெளியே வந்தார்.

"நானே இப்பத்தான் ஊசி போட்டுக்கிட்டு வர்றேன், ஊசியால நோன்பு முறியாதும்மா. பாய் மூக்குல விட்டு முழுங்கினாரே, அதுலதான் முறிஞ்சுபோச்சு!"