முருகர் உள்ளே இருக்கிறார்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. இதை ஒரு நல்ல குணம் என்று பத்தொன்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் என் அக்காவின் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தேன்.

அப்போது எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். (மூன்றாம் தடவை. முதல் இரண்டு தடவையும் இப்படித்தான் காத்திருந்தேன்.) திருத்தணி ஆந்திராவிலேயே இருக்குமா, மெட்ராஸோடு சேருமா என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. நைனாவுக்கு மலையடிவாரத்தில் பூஜை சாமான் கடை. தேங்காய், கற்பூரம், கண்ணாடி போட்ட முருகர் படம். சட்டம் மூலை பெயர்ந்து விற்காமல் போன படங்களெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். கூடத்தில் நான்கு முருகர்கள், ஒரே அச்சு, ஒரே சிரிப்பு, வரிசையாகத் தொங்கினார்கள்.

அரக்கோணத்தில் ஒரு சிநேகிதன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா ரயில்வேயில் பெரிய உத்தியோகம். கூடத்தில் சாமி படமே இல்லை. கறுப்புக் காகிதத்தில் வெள்ளி எழுத்துகளை ஒட்டி, சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். 'இனிமையாகப் பேசுக.' 'அமைதி காக்க.' ஆஹா, இதுவல்லவோ நாகரிகம் என்று வாயைப் பிளந்து நின்றேன். திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மணவூரில் வண்டி நின்றதுகூடத் தெரியாமல் மனசுக்குள் எழுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். (அரக்கோணத்திலிருந்து திருத்தணிக்கு வருகிற வண்டி மணவூர் வழியாகப் போகாது. தப்பான வண்டியில் ஏறியிருக்கிறேன் என்பது திருவள்ளூரில்தான் தெரிந்தது.)

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். தெருவில் பொறுக்கிய சிகரெட் பெட்டிகளின் ஜிகினாத் தாளை எழுத்தெழுத்தாக வெட்டினேன். மைதா பசை காய்ச்சினேன். சட்டத்துக்கு எங்கே போவது? கடைச் சட்டத்தைத் தொட்டால் நைனா தோலை உரித்துவிடுவார். வீட்டிலிருந்த நான்கையும் இறக்கினேன். முருகரை வெளியே எடுத்துப் பத்திரப்படுத்தும் பொறுமை யாருக்கு இருந்தது? அவர் முகத்தின் மேலேயே பசையைத் தடவி, கறுப்புக் காகிதத்தை ஒட்டி, கண்ணாடியை மூடிவிட்டேன்.

'அளவோடு உண்.' 'நேரத்தை வீணாக்காதே.' 'வந்த வேலையைப் பார்.' 'அதிகம் பேசாதே.'

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சுவரைப் பார்த்துத் திகைத்துப்போனாள். "டேய் கன்னியப்பா, முருகர் எங்கடா?"

"உள்ளதாம்மா இருக்காரு."

"ஆங், இருந்தா சரி" என்று போய்விட்டாள். கடையை மூடிவிட்டு இருட்டில் வந்து இருட்டில் போகிற நைனா சுவரைப் பார்க்கவே இல்லை.

தனம் அக்கா மட்டும் நான்கையும் படித்தாள். அவளைப் பார்த்துவிட்டு இரண்டு இடத்துக்காரர்கள் ஏற்கெனவே பதில் சொல்லாமல் போயிருந்தார்கள். இப்போது பள்ளிப்பட்டிலிருந்து மூன்றாவது இடம். மாப்பிள்ளை முனிரத்தினத்தை நைனா கடையில் அவள் பார்த்திருந்தாள். கற்பூரம் வாங்க ஒரே மாதத்தில் மூன்று தடவை பஸ் ஏறி வந்திருக்கிறார். (பள்ளிப்பட்டில் கற்பூரமே கிடைக்காதா என்ன?)

"டேய், எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்குடா" என்றாள் அக்கா, பட்டென்று. "அவுங்க ஞாயித்துக்கெழம வர்றாங்க. அதுக்குள்ள இந்தக் கர்மத்தையெல்லாம் கழட்டிடு. அப்புறம் ஒண்ணும் செய்யாம ஒரு ஓரமா உக்காந்துகினு இரு. அது போதும்."

அவள் குரல் என்னவோ செய்தது. சரியென்றேன். சனிக்கிழமை கழற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார்கள். அன்று கிருத்திகை. மலைக்கு வந்தவர்கள், சாமி பார்த்த கையோடு பெண்ணையும் பார்த்துவிடலாம் என்று நேரே வீட்டுக்கு வந்து நின்றார்கள். நைனாவோ கடையில் கூட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தார். நான் சுவரைத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமையாயிற்றே! அம்மா வழக்கம்போல நான்கு கண்ணாடிகளையும் துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, ஆளுக்கொரு செம்பருத்திப் பூவும் சொருகியிருந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா ரங்கய்யா பேசிக்கொண்டேதான் வாசற்படி ஏறினார். பஸ்ஸில் இடம் கிடைக்காதது, மலைப்படியின் சூடு, திருத்தணி எந்தப் பக்கம் போனால் நெசவுக்காரனுக்கு லாபம் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினார். பின்னால் அவர் சம்சாரமும் முனிரத்தினமும் வாய் திறக்காமல் வந்தார்கள். வியர்வைக்காகக் கழற்றிய மூக்குக்கண்ணாடி ரங்கய்யாவின் ஜிப்பாப் பையில் கிடந்தது. பூவும் பொட்டுமாகச் சட்டங்களைப் பார்த்ததும் மனுஷர் நின்றார். கை தானாகக் குவிந்தது.

"முருகா! இந்தச் சம்பந்தம் நல்லபடியா முடியணும்ப்பா!"

'அதிகம் பேசாதே'வின் முன்னால் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முனிரத்தினமும் போட்டுக்கொண்டார். அவர் அம்மா விழுந்தே கும்பிட்டுவிட்டு, அங்கேயே பாயில் உட்கார்ந்தாள்.

அக்கா சொன்னபடி நான் ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்தேனா? பாய்ந்துபோய்ச் சட்டத்தை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா தம்பி, சாமிக்கு முதுகு காட்டிகினு நிக்கிறியே, நகருப்பா" என்றார் ரங்கய்யா. "நம்ம முருகர் எப்படி இருக்காருன்னு நல்லா பாத்துக்கறேன்."

ஜிப்பாவுக்குள் கை விட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒவ்வொரு எழுத்தாக, உரக்கப் படித்தார்.

"இது யாருக்குங்க எழுதி வச்சிருக்குது?"

அம்மா பதறிப்போனாள். "தப்பா நெனைக்காதீங்க, முருகர் உள்ளதான் இருக்காரு!"

"ஆமாங்க, இருக்காரு, காட்டறேன்!" என்று ஒரே தாவில் சட்டத்தைப் பிடுங்கினேன். ஆணியும் கைப்பிடி சுண்ணாம்பும் சேர்ந்து வந்து அவர் ஜிப்பாவில் விழுந்தன. பின்பலகையைப் பிய்த்து, கறுப்புக் காகிதத்தை உரித்தேன். நான் காய்ச்சிய பசை அவ்வளவு நல்ல பசை. முருகரின் தலை, வேல், கைகள் எல்லாம் காகிதத்தோடு வந்துவிட்டன. மயில் மட்டும் தனியாக நின்றது.

"கெளம்புங்க" என்று திரும்பினார் ரங்கய்யா.

காபித் தட்டோடு அக்கா கதவோரம் வந்து நின்றிருந்தாள். அவள் என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. அழுகையை விழுங்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

ரங்கய்யா வாசலுக்குப் போய்விட்டார். அவர் சம்சாரம் எழுந்திருக்கவில்லை.

"நீங்க போங்க. நான் காபி குடிச்சிட்டு வரேன்."

"இன்னாடி சொல்ற?"

"பஸ்ஸுல ஏறினதுலேர்ந்து பேசிகினே வரீங்க. மலையேறும்போது பேசினீங்க. சன்னதியில அய்யர் மந்திரம் சொல்லும்போதும் பேசினீங்க. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து நான் சொல்லணும்னு இருந்தது. இந்தப் புள்ளயாவது எழுதி மாட்டினானே!" அக்காவிடம் திரும்பினாள். "வாம்மா, இப்படி வந்து உக்காரு. உங்க வீட்டுச் சீர்ல எனக்குப் பித்தளையும் வேணாம், வெள்ளியும் வேணாம். அந்தப் படம் ஒண்ணு செஞ்சு குடுக்கச் சொல்லு."

ரங்கய்யா வாயைத் திறந்தார். 'அதிகம் பேசாதே' தொங்கிய இடத்தில் ஓட்டையும் கீழே மயிலும்தான் இருந்தன. வாயை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முனிரத்தினம் முதன்முதலாகப் பேசினார். "கற்பூரம் வாங்க வரும்போது நானே எடுத்துட்டுப் போறேங்க." அக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். காபியை எல்லாரும் மௌனமாகக் குடித்தார்கள்.

விஷயம் கேள்விப்பட்ட நைனா, சீருக்கு அந்த ஒரு படத்தை நான் ஒட்டி முடித்த பிறகு பசைக் கிண்ணத்தை என் கண்ணில் காட்டியதில்லை.

அந்தச் சட்டம் இன்னும் பள்ளிப்பட்டு வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம், குங்குமம், பூ. ரங்கய்யா மாமா இருந்தவரை அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். இப்போது எங்கள் குடும்பத்தில் யார் பேச்சு நீண்டாலும், கேட்கிறவர்கள் மெதுவாகக் கன்னத்தில் போட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அதிகம் வாங்கிக்கட்டிக்கொள்வது நான்தான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் அக்கா வந்திருந்தாள். நான் இதை எழுதிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்து, எத்தனை பக்கம் என்று கேட்டாள். சொன்னேன். அவள் கண்ணை மூடி, பக்தியோடு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.