வாத்துக் கொட்டகையைக் காப்பாற்றிய சுல்தான்

பெருமதிப்பிற்குரிய 'அக்சுபினாரின் குரல்' பத்திரிகை ஆசிரியர் நெஜ்மெத்தின் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற தபால்காரன் ருஸ்தெம் எழுதுவது. தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் மனைவி முனெவ்வெரும் வாத்துகளும் நலம்.

'நம்மூர்ச் சரித்திரச் சின்னங்கள்' கட்டுரையில் கல்பாலம், பழைய ஹமாம் குளியல்கூடம், மணிக்கூண்டு எல்லாம் போட்டுவிட்டு, 'செல்ஜூக் சுல்தான் கட்டிய சத்திரத்தின் கடைசிச் சுவர்' என்று என் வீட்டோடு ஒட்டிய வாத்துக் கொட்டகையின் படத்தையும் போட்டிருந்தீர்களே, அந்தக் கையை முத்தமிட வேண்டும். புதுச் சாலைக்காக நகராட்சி என் வீட்டை இடிக்கச் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது. நான் ஏறாத படியில்லை, கெஞ்சாத ஆளில்லை. கடைசியில் புல்டோசரே வாசலுக்கு வந்துவிட்டது. ஓட்டுநர் கையில் உங்கள் பத்திரிகை. "மாமா, இது சரித்திரமாமே! இதுல கை வெச்சா என் வேலை போயிடும்" என்று சொல்லி, டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனான். நான் அழுதேவிட்டேன், ஐயா.

பிறகு தொல்பொருள் அதிகாரி ஒருவர் வந்தார். சுவரைத் தடவித் தடவிப் பார்த்து, "இந்தக் காலத்துல யாரால இப்படிக் கல்லு வைக்க முடியும்?" என்று கண் கலங்கி, வாசலில் 'பாதுகாக்கப்பட்ட சின்னம்' என்று பழுப்புப் பலகை நட்டார். அன்றிலிருந்து ஆணி அடிக்கக்கூட அனுமதி வேண்டும். கூரை ஒழுகுகிறது, படுக்கையில் எங்களுக்கு நடுவே அண்டா படுத்திருக்கிறது, ஞாயிறுதோறும் கல்யாண ஜோடிகள் படமெடுக்க வருகிறார்கள், போன வாரம் ஒரு மாப்பிள்ளையின் கால்சட்டையை வாத்து பதம் பார்த்துவிட்டது, அவன் மாமியார் என்னைத்தான் திட்டினாள். இருந்தாலும் என்ன, ஒழுகுவதற்கு ஒரு கூரை இருக்கிறதே! அந்தச் சுல்தானுக்காகத் தினமும் துஆ கேட்கிறேன்.

தங்கள் கைக்கு வலியும் பேனாவுக்கு வறட்சியும் வராமல் இறைவன் காப்பானாக.

நன்றி மறவாத,
ருஸ்தெம்

பி.கு.: நெஜ்மெத்தின் அண்ணே, நான் முனெவ்வெர். இவர் உறை வாங்கக் கடைக்குப் போயிருக்கார், அதான் அவசரமா எழுதறேன். மடிச்சு வெச்சுட்டா திரும்பப் பிரிச்சுப் பாக்க மாட்டார். அந்தச் சுவரை எந்தச் சுல்தானும் கட்டலை. நான்தான் கட்டினேன். கல்யாணமான புதுசுல இவர் பட்டாளத்துக்குப் போயிருந்தப்போ, ஆத்தங்கரையிலேருந்து ஒவ்வொரு கல்லா முதுகுல சுமந்து வந்தேன். இவர் திரும்பி வந்து, "இந்தச் சுவர் முன்னாடியே இருந்துதா?"ன்னார். வந்த கோவத்துல, "ஆமா, இருந்துது"ன்னுட்டேன். என் கைவேலையப் பாத்துக் கண் கலங்கின முதல் ஆள் அந்த அதிகாரிதான். சொல்லிடலாம்னு நாக்கு துடிச்சுது, வீடு போயிடுமேன்னு அடக்கிக்கிட்டேன். இதை இப்போ போட்டுடாதீங்க. சாலையை வேற பக்கமா போட்டு முடிச்சதும் முதல் பக்கத்துல போடுங்க, என் பேரோட. சுல்தான் கோவிச்சுக்க மாட்டார்.