எனக்குக் கொரிய மொழி தெரிந்த பதினாறு நாட்கள்

எனக்குக் கொரிய மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. இன்று இதைத் தைரியமாகச் சொல்கிறேன். இரண்டாயிரமாவது ஆண்டில் சொல்லியிருந்தால் பக்கத்து வீட்டு விமலாவின் கல்யாணம் நடந்திருக்காது.

அக்கா வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிடுவேன். எங்கள் ஊர் எந்திரத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். பயிற்சிக்காக மூன்று மாதம் கொரியா போனவர், வீட்டில் எல்லாரும் சென்ட் பாட்டிலை எதிர்பார்த்திருக்க, ஒரு காதல் நகைச்சுவைத் தொடரின் பதினாறு சிடிக்களோடு வந்து இறங்கினார். அங்கே விடுதியில் அதைப் பார்த்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். எதற்கு என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. திரையில் ஆங்கில எழுத்தும் ஓடாது.

தினம் ஒரு சிடி என்று முடிவாயிற்று. தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் எங்கள் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்கள் முதல் நாள் நாலு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவன் என்ன சொல்கிறான் என்று யாரோ கேட்க, பி.காம். முடித்துவிட்டுச் சும்மா இருந்தவள் நான், கதாநாயகனின் முகத்தைப் பார்த்து ஒரு வசனம் விட்டேன். பொருந்திவிட்டது. மாமா கற்றுக்கொடுத்தார் என்று வேறு சொல்லிவைத்தேன். (அந்த நேரம் மாமா ஃபேக்டரியில் இருப்பார்; அவருக்கே 'வணக்கம்', 'சோறு போதும்' இரண்டும்தான் தெரியும்.)

தொடர் நன்றாகத்தான் இருந்தது. யாரும் யாரையும் வெட்டவில்லை. கதாநாயகி நடந்தால் விழுவாள், விழுந்தால் அவன் மேல்தான் விழுவாள். அவள் கையைப் பிடிக்கவே அவனுக்கு எட்டு சிடி ஆயிற்று; அந்த எட்டு சிடியும் எங்களுக்கு மூச்சு நின்றது. குறையும் இருந்தது. ஒரு வாக்கியத்தில் தீர்கிற சந்தேகத்தை நாலு சிடிக்கு இழுத்தார்கள். கோபம் வந்தால் அவன் அவளை மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போவான். (ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் அப்படி இழுத்திருந்தால் ஆள் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டான்.)

அந்தக் கடைத்தெருவில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த சேகரைத்தான் விமலா விரும்பினாள். அவள் அம்மா தேவகி அத்தை சம்மதிக்கவில்லை. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்ட நேரம். அத்தையின் வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஷிப்டுக்குப் போகிறவர். மருமகனுக்காவது ஃபேக்டரி உத்தியோகம் வேண்டும் என்று அத்தை ஒரே பிடிவாதம்.

அதே அத்தை தொடரை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அதில் சுருட்டை முடி வைத்த பெரியம்மா ஒருத்தி கரண்டியும் கையுமாகக் கதாநாயகனைத் திட்டிக்கொண்டே இருப்பாள். அவளை நான் கதாநாயகியின் அம்மா ஆக்கினேன். அத்தை வீட்டில் சொல்வதையெல்லாம் அவள் வாயில் போட்டேன். கடை வைத்திருக்கிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று அவள் கொரியாவில் நின்று கத்தினாள். அத்தைக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கடைசி சிடியில் அந்தப் பெரியம்மா காலியான ஓர் அறையில் உட்கார்ந்து அழுதாள். எங்கள் வீடு முழுக்க அழுதது.

"எதுக்கு அழுவுது அந்தம்மா?" என்றார் அத்தை.

விமலா என்னைப் பார்த்தாள்.

"பொண்ணு மனசு தெரியாம இத்தினி நாள் நோவடிச்சிட்டேனேன்னு அழுவுறாங்க அத்தை."

அத்தை எழுந்து போனார். மூன்றாம் நாள் சேகரின் பெற்றோரை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தாயிற்று.

அதற்கு நாலு நாள் இருக்கும்போது, புது மெஷினைப் பொருத்த ஃபேக்டரிக்கு வந்த லீ என்கிற கொரியாக்காரரை மாமா ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்துவந்தார். லைனே திரண்டது. விருந்தாளியைக் குஷிப்படுத்த மாமா கடைசி சிடியைப் போட்டார். கேசரியோடு வந்த அத்தை, அந்தம்மா அழுகிற இடம் வந்ததும், எதற்கு என்று லீயிடமும் கேட்டுச் சொல்லும்படி மாமாவிடம் சொன்னார். நான் பாய்ந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கி, கரண்ட் போய்விட்டது என்று அறிவித்தேன். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா பிளக்கைத் திரும்ப மாட்டினாள்.

லீ சிரித்துக்கொண்டே ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார். மாமா நேர்மையான மனிதர் (அவரிடம் இருந்த ஒரே குறை அது). அப்படியே தமிழில் சொன்னார்.

"அது அம்மா இல்லியாம். ஓட்டல் சமையல்காரம்மாவாம். ஓட்டலை மூடறாங்களாம், அதுக்கு அழுவுதாம். பொண்ணோட அம்மா கதை தொடங்கறதுக்கு முன்னாடியே செத்துட்டாங்களாம்."

விமலாவின் கை கேசரிக் கரண்டியோடு அப்படியே நின்றது. நான் தரையில் எறும்பு தேடினேன். ஒரு கல்யாணத்தையே கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலை செஞ்ச எடத்தை மூடுனா அழுவாம இன்னா பண்ணும், பாவம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் அந்தம்மாவுக்காவ அழுவுலடி. எம் பொண்ண நெனச்சித்தான் அழுதேன். குடுத்த வாக்கு குடுத்ததுதான். அவருக்கு இன்னும் கொஞ்சம் கேசரி வெய்யி."

உயிர் திரும்பி வந்தது. டிவி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. விமலாவை அனுப்பிவைக்கும்போது அத்தை அழ, மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற சேகர் என் காதருகே குனிந்து, அத்தை எதற்கு அழுகிறார்கள், கொஞ்சம் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள் என்றார். அன்று பிடித்தது இந்த வம்பு. எங்கள் வீட்டிலும் விமலா வீட்டிலும் யார் கண் கலங்கினாலும், வெங்காயம் நறுக்கினாலும்கூட, விளக்கம் கேட்டு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

ஓட்டலை மூடுகிறார்களாம் என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.